கைவினை நகையை வாங்குவோர் எதை வாங்குகின்றனர்?

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கிழக்கு எல்லையில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் தடா. நீண்ட காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் சாலை. அண்மையில் ஸ்ரீசிட்டி தொழில் நகரியம். தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில் ஒரு குடும்பம் திருமணத்திற்கு நகை வாங்க முற்படுமாயின், அதன் முன் மூன்று வழிகள் உள்ளன. தெற்கே சென்னையின் பெருங்கடைகள். வடக்கிலும் மேற்கிலும் நெல்லூர், திருப்பதி நகரங்களின் கடைவீதிகள். மூன்றாவதாக, குடும்பத்தினர் நெடுநாள் அறிந்த பொற்கொல்லரின் பட்டறை.

இவற்றுள் மூன்றாவது வழியை ஒருவர் எப்போது நாடுகிறார், ஏன் நாடுகிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள். கைத்தொழிலாளருக்கான நலத்திட்டங்கள் பெரும்பாலும் உற்பத்தியாளரின் பக்கத்திலிருந்தே சிந்திக்கப்படுகின்றன. கருவி, கடன், பயிற்சி ஆகிய மூன்றும் அவருக்குத் தேவையே. எனினும், அவர் செய்த பொருளை வாங்குவோர் எந்த உந்துதலால் வாங்குகின்றனர் என்பதை அறியாது வகுக்கப்படும் திட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஒரு பொருள், இரு தேவைகள்

நகை என்பது ஒரே பொருளாகத் தோன்றினும், அதில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று உலோகம், மற்றொன்று வேலைப்பாடு. உலோகத்தை வாங்குபவர் சேமிப்பை நாடுகிறார். வேலைப்பாட்டை வாங்குபவர் அழகையோ, சடங்கையோ, சமூக மதிப்பையோ நாடுகிறார். ஒரே வாடிக்கையாளரின் மனத்தில் இவ்விரு நோக்கங்களும் கலந்தே இருக்கும்; எது மேலோங்குகிறது என்பதைப் பொறுத்தே கைவினைஞரின் வாழ்வு அமைகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினால் விளக்கலாம். ஒரு தங்கச் சங்கிலியில் உள்ள உலோகத்தின் மதிப்பு 100 எனக் கொள்வோம். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 15 எனில் விலை 115. இதன்மீது 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக 3.45 சேர, வாங்குவோர் கொடுப்பது 118.45. தங்கத்தின் விலை மாறாதிருக்கும்போது அதனைத் திரும்ப விற்றால் உலோகத்திற்குரிய 100 மட்டுமே கிடைக்கும். நுணுக்கமான கைவேலை காரணமாகச் செய்கூலியும் சேதாரமும் 20 ஆக உயர்ந்தால், கொடுக்க வேண்டியது 123.60. அதாவது, முதற்சங்கிலியை வாங்கியவர் தம் பணத்தை மீட்பதற்குத் தங்கம் 18.45 விழுக்காடு விலையேற வேண்டும். இரண்டாவதை வாங்கியவருக்கு 23.6 விழுக்காடு ஏற வேண்டும். சேமிப்பை மட்டும் கருதுவோருக்குக் கைவேலை ஒரு நட்டக் கணக்கே ஆகும்.

இங்கு மற்றொரு விந்தையும் உண்டு. ஒரு பொருளின் மொத்தச் செலவில் எந்த உழைப்பின் பங்கு சிறிதாக உள்ளதோ, அவ்வுழைப்பின் கூலியை உயர்த்துவது எளிது என்பது ஆல்ஃபிரட் மார்ஷல் வகுத்த பொருளியல் விதிகளுள் ஒன்று. மேற்கண்ட கணக்கில் 15 ஆக உள்ள கூலி பத்து விழுக்காடு உயர்ந்தாலும் விலை 115-லிருந்து 116.50 ஆகவே உயரும். ஆயினும் நம் நகைக்கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. தங்கத்தின் விலை நாள்தோறும் அறிவிக்கப்படுவது. அதில் பேரம் பேச இடமில்லை. ஆகவே பேரம் முழுவதும் செய்கூலி, சேதாரத்தின்மீதே இறங்குகிறது. 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்னும் விளம்பரம் மக்களை ஈர்ப்பதன் காரணமும் இதுவே. வாங்குவோரின் கண்ணில் கூலி என்பது கலைக்குக் கொடுக்கும் விலையாகத் தோன்றாமல், தவிர்க்கக்கூடிய இழப்பாகவே தோன்றுகிறது.

1963-இல் கற்ற பாடம்

வாங்குவோரின் மனத்தை அறியாது கொள்கை வகுத்தால் விளையும் தீங்கினை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது. 1962-இல் சீனப் படையெடுப்பு நிகழ்ந்ததை அடுத்து, அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கவும் தங்கக் கடத்தலைத் தடுக்கவும் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையுள்ள நகைகளைப் புதிதாகச் செய்வது தடை செய்யப்பட்டது. 22 காரட் நகையில் தங்கத்தின் அளவு 91.6 விழுக்காடு, 14 காரட்டில் அது 58.3 விழுக்காடு மட்டுமே.

அழகுக்காகவே நகை அணியப்படுகிறது என்னும் கருத்து உண்மையாயின், 14 காரட் நகையும் விற்றிருக்க வேண்டும். அது கடினமானது, நுண்ணிய வேலைக்கும் கல் பதிப்பதற்கும் ஏற்றது, மேலை நாடுகளில் பரவலாக அணியப்படுவது. ஆனால் நம் மக்கள் அதனை ஏற்கவில்லை. அவர்களுக்கு நகை என்பது முதலில் பெண்ணின் உடைமை; இடர் வந்தால் அடகு வைக்கத்தக்க சேமிப்பு. தூய்மை குறைந்தவுடன் அந்நம்பிக்கையும் குறைந்தது. விளைவாக, நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையின்றித் தவித்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. பின்னர் மறுவாழ்வு உதவிகள் அளிக்கப்பட்டன. விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 14 காரட் வரம்பு 1966-இல் நீக்கப்பட்டது. 1968-இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் முற்றிலும் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. வேலைப்பாடு எத்துணைச் சிறந்ததாயினும், உலோகத்தின்மீது நம்பிக்கை இல்லையெனில் வாங்குவோர் வருவதில்லை. நம்பிக்கை அடித்தளம், வேலைப்பாட்டின் மீதான விருப்பம் அதன்மேல் எழும் கட்டடம்.

சடங்கும் கையும்

அடித்தளம் உறுதியானபின், கையால் செய்த நகையை நாடச் செய்யும் உந்துதல்களுள் முதலாவது சடங்கு. தடா போன்ற எல்லைப் பகுதியில் இதனைத் தெளிவாகக் காணலாம். தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் மங்கல நாணில் இரண்டு பொன் வட்டுகள் கோக்கப்படுகின்றன. ஒன்று பிறந்த வீட்டினது, மற்றது புகுந்த வீட்டினது என்பது வழக்கம். கருமணி மாலையும் உடன் அணியப்படும். தமிழ்க் குடும்பங்களிலோ தாலியின் வடிவம் சமூகத்திற்குச் சமூகம் வேறுபடும். குடும்பத்தின் வழக்கம் தவறாது தாலி செய்து தருபவர் அக்குடும்பத்தை அறிந்த பொற்கொல்லரே.

இலங்கைத் தமிழரிடையே, சிறப்பாக யாழ்ப்பாணத்தில், இவ்வுறவு ஒரு தனிச் சடங்காகவே நிலைபெற்றுள்ளது. திருமணத்திற்கு முன் நல்ல நாள் பார்த்து, மணமகன் இல்லத்தில் உறவினர் சூழத் தாலிக்குரிய பொன்னை ஆசாரியார் உருக்குவார். இதற்குப் பொன்னுருக்கு என்று பெயர். இங்கு வாங்குவோர் பெறுவது தாலியை மட்டுமன்று. அப்பொன் உருகுவதைக் கண்ணாரக் கண்ட நிறைவையும் பெறுகின்றனர். பொருளியல் நோக்கில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு: பொன்னின் தூய்மைக்கு உறவினர் அனைவரும் சாட்சியாகின்றனர். சடங்கும் நம்பிக்கையும் ஒரே செயலில் இணைந்திருப்பதே இதன் வலிமை.

பழைய நகையை அழித்துப் புதிது செய்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாட்டியின் அட்டிகையை உருக்கிப் பேத்திக்கு வளையல் செய்யும் குடும்பம், அதே பொன் தன் வீட்டிலேயே தொடர வேண்டும் என விரும்புகிறது. கடையில் பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகையை மாற்றிக்கொண்டால் மதிப்பு தொடரும், பொன் தொடராது. இந்த விருப்பத்தை நிறைவேற்றப் பட்டறையே ஏற்ற இடம்.

வடசேரி காட்டும் வழி

இரண்டாவது உந்துதல், வேறெங்கும் கிடைக்காத வேலைப்பாடு. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள். 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த இவ்வட்டாரத்தில், தெய்வத் திருமேனிகளுக்கு அணிகலன் செய்யும் மரபிலிருந்து இக்கலை வளர்ந்தது. வெள்ளித் தகட்டில் வடிவம் அமைத்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, கற்களைச் சுற்றிப் பொன் தகட்டை அழுத்திப் பொருத்துவது இதன் முறை. தலைசாமான், சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, மாட்டல், மாங்காய் மாலை, ஒட்டியாணம் என இதன் வகைகள் பல.

கோயிலுக்குரிய இந்நகைக்குப் புதியதொரு சந்தையை உருவாக்கியது பரதநாட்டியம். 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அக்காலம் முதல் நடனம் பொது மேடைக்கு உரியதாகி, நடுத்தரக் குடும்பங்களின் பெண்களும் அதனைப் பயிலத் தொடங்கினர். அரங்கேற்றம் ஒவ்வொன்றும் ஒரு முழு நகைத் தொகுதிக்கான தேவையாயிற்று. வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இத்தேவையில் பங்குகொள்கின்றன. இந்நகையில் உலோகத்தின் மதிப்பைக் காட்டிலும் உழைப்பின் மதிப்பே பெரிது. இதனைச் சேமிப்பாகக் கருதி எவரும் வாங்குவதில்லை. ஆகவே கூலியை இழப்பாகவும் கருதுவதில்லை. கைவினைஞருக்கு இது மிகவும் சாதகமான நிலை.

ஆயினும் இந்நிலைக்கும் ஓர் அச்சுறுத்தல் உண்டு. அச்சில் வார்த்து, முலாம் பூசி, கண்ணாடிக் கற்கள் ஒட்டப்பட்ட மலிவான நகைகளும் 'கோயில் நகை' என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. மேடையில் தொலைவிலிருந்து காண்போருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மலிவு நகைக்கும் தனக்கென ஓர் இடம் உண்டு என்பதை மறுக்க இயலாது. மச்சிலிப்பட்டினத்தை அடுத்த சிலகலப்பூடியின் முலாம் நகைகளும், சிதம்பரத்தின் கவரிங் நகைகளும் எளிய குடும்பங்களின் தேவையை நேர்மையாக நிறைவு செய்கின்றன. ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்படும்போதுதான் கேடு விளைகிறது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபின், நாகர்கோவில் கோயில் நகைகள் அக்குறியீட்டைப் பெற்றன. தெலங்கானாவின் கரீம்நகர் வெள்ளிக் கம்பி வேலையும், ஒடிசாவின் கட்டாக் தாரகாசி வேலையும் அவ்வாறே பதிவு பெற்றவை.

அன்பளிப்பு என்னும் உந்துதல்

மூன்றாவது உந்துதல் அன்பு. இதனை உணர்ச்சி சார்ந்ததெனத் தள்ளிவிட இயலாது. கிறிஸ்டோஃப் ஃபுக்ஸ், மார்ட்டின் ஷ்ரையர், ஸ்டைன் வான் ஆசலேர் ஆகிய மூவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கையால் செய்த பொருளில் செய்தவரின் அன்பு அடங்கியிருப்பதாக வாங்குவோர் உணர்கின்றனர் எனக் காட்டியது. நெருங்கியோருக்குப் பரிசளிக்கும்போது கைவினைப் பொருளை வாங்கும் விருப்பம் மிகுகிறது. அத்துணை நெருக்கமில்லாதோருக்கு அளிக்கும்போது அம்மிகுதி காணப்படவில்லை. குறைந்த விலையில் சிறந்த பயன் என்பதைவிட, அன்பைத் தெரிவிப்பது நோக்கமாக இருக்கும்போதே கைவினைப் பொருளுக்கு மிகுந்த விலை தரப்படுகிறது.

பிறர் காண வேண்டும் என்னும் விழைவும் ஒருபுறம் உண்டு. பகட்டுக்காகச் செய்யும் நுகர்வினை தார்ஸ்டைன் வெப்லன் 1899-இலேயே விளக்கினார். கையால் செய்த பொருளின் விலையுயர்வே அதன் மதிப்பாகக் கருதப்படுவதையும் அவர் சுட்டிக்காட்டினார். எனினும் பகட்டு ஒன்றே காரணமாயின், சில ரூபாய் விலையுள்ள கைவினை நகையை எவரும் வாங்கார். கோயில்களின் வாயிலிலும் திருவிழாக்களிலும் நரிக்குறவர் கோத்து விற்கும் பாசிமணி மாலைகளை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இச்சமூகத்தினர் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். யாத்திரை சென்று வந்ததன் நினைவாகவும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காகவும் மக்கள் அம்மாலைகளை வாங்குகின்றனர். உந்துதல் அதே அன்புதான். ஆனால் மணியின் தரத்தையும் கோத்தவரின் உழைப்பையும் மெய்ப்பிக்கும் வழி இல்லாமையால், விற்பவர் கேட்கும் விலையைப் பாதியாகக் குறைப்பதே இயல்பாகிவிட்டது.

ஐயம் என்னும் தடை

ஆக, சடங்கு, அரிய வேலைப்பாடு, அன்பு ஆகிய மூன்றும் வாங்குவோரைக் கைவினை நகையின்பால் ஈர்க்கின்றன. அவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஐயமே. விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குவோருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளும் தாழ்ந்த பொருளின் விலைக்கே விற்கப்பட்டு, நாளடைவில் சந்தையினின்றே மறையும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் நிறுவினார். நகையைப் பொறுத்தவரை இது நமக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் வேறுபடுத்த இயலாதவை. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்துப் பரல்; கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் உள்ளமை அதனை உடைத்தபின்னரே வெளிப்பட்டது. உடைக்காமலே உள்ளிருப்பதை அறியும் வழி வேண்டும் என்பதே இன்றைய வாங்குவோரின் வேண்டுகோளும் ஆகும்.

பொற்கொல்லர்மீது எழுந்த ஐயத்திற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நகையின் பகுதிகளை இணைக்கப் பொடி வைத்து ஊதும்போது, அப்பற்றுப்பொடி விரைவில் உருகுவதற்காகத் தாழ்ந்த மாற்றுடையதாக இருக்க வேண்டும். எனவே 22 காரட் பொன்னில் நேர்மையாகச் செய்த நகையும், முழுவதும் உருக்கிச் சோதித்தால் சற்றுக் குறைவான மாற்றையே காட்டும். இக்குறையை நீக்கக் காட்மியம் கலந்த பற்று வழக்கில் வந்தது. அதன் புகை, ஊதுபவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு விளைப்பது. வாங்குவோரின் நம்பிக்கைக்குக் கைவினைஞர் தம் உடல்நலத்தையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இந்திய தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கான ஹால்மார்க் முறையை 2000-இல் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2021-இல் இத்திட்டம் வகுக்கப்பட்டபோது, ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகருக்கும், குந்தன், போல்கி, ஜடாவு போன்ற கல் பதித்த கைவேலை நகைகளுக்கும் விலக்களிக்கப்பட்டது. சிறு தொழிலாளருக்குச் சுமை ஏற்றக்கூடாது என்னும் நல்லெண்ணமே இதன் அடிப்படை. ஆயினும் வாங்குவோரின் பக்கத்திலிருந்து நோக்கினால், இவ்விலக்கு எதிர்விளைவையும் தரக்கூடும். பெருங்கடையின் இயந்திர நகையில் முத்திரை இருக்கிறது. பட்டறையின் கைவேலை நகையில் முத்திரை இல்லை. சட்டம் அதனை வேண்டவில்லை என்பதை வாங்குவோர் அறியார். பொன்னின்மீதே ஐயம் கொள்வர். பாதுகாப்பாகக் கருதி அளிக்கப்பட்ட விலக்கு, நம்பிக்கையின்மைக்கு வழியாகிவிடும்.

செய்யத்தக்கவை

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் இடம்பெற்றுள்ள 18 தொழில்களுள் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. பயிற்சி, 15,000 ரூபாய் வரை கருவிக்கான ஊக்கத்தொகை, 5 விழுக்காடு வட்டியில் இரு தவணைகளாக 3 இலட்சம் ரூபாய் வரை கடன் ஆகியவற்றுடன், தரச்சான்றுக்கும் சந்தைப்படுத்தலுக்குமான உதவியும் இதில் அடங்கும். கடைசியாகக் கூறிய உதவியே, மேற்கண்ட ஆய்வின்படி, முதன்மை பெறத்தக்கது. இதனைச் செயற்படுத்தும் அலுவலர்கள் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளலாம்.

முதலாவதாக, விலக்குப் பெற்ற பொற்கொல்லரும் விரும்பினால் ஹால்மார்க் பெறுவதை எளிதாக்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் பட்டறைகள் கூட்டாக நகைகளைச் சோதனை மையத்திற்கு அனுப்புமாயின், போக்குவரத்துச் செலவும் கால விரயமும் குறையும். தடா, சூளூர்ப்பேட்டை போன்ற சிற்றூர்களுக்கு இவ்வகை ஏற்பாடு மிகவும் பயன்படும்.

இரண்டாவதாக, விலைச்சீட்டில் உலோகத்தின் எடை, மாற்று, கல்லின் எடை, கூலி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பதுடன், வேலைக்கு எடுத்துக்கொண்ட நாட்களையும் குறிப்பது நன்று. 'சேதாரம்' என்னும் சொல் இழப்பையே நினைவூட்டுகிறது. 'பன்னிரண்டு நாள் வேலை' என்னும் குறிப்பு உழைப்பைக் கண்முன் நிறுத்துகிறது. எதற்குப் பணம் தருகிறோம் என்பதை அறிந்தவர் பேரத்தைக் குறைப்பர்.

மூன்றாவதாக, புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்தால் போதாது. அதனைப் பயன்படுத்தும் உரிமையைக் கைவினைஞர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற பயனராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் நடனம் பயிலும் பெண்ணின் பெற்றோர் உண்மையான வடசேரி நகையைப் பிரித்தறிய இயலும்.

நான்காவதாக, பழுது பார்த்தலும் அழித்துச் செய்தலும் பட்டறைக்கே உரிய வலிமைகள். அறுந்த சங்கிலியை இணைக்க வருபவரே நாளை தாலி செய்ய வருபவர். பயிற்சிகளில் புதிய வடிவமைப்பிற்குத் தரும் இடத்தை இச்சேவைக்கும் தருதல் வேண்டும். காட்மியம் இல்லாத பற்றுமுறைகளும் அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும்.

இறுதியாக, வருங்கால வாங்குவோரைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். ஸ்ரீசிட்டி போன்ற தொழில் நகரியங்களில் தாமே ஊதியம் ஈட்டும் இளம்பெண்கள் நாள்தோறும் அணிவதற்கு இலேசான நகைகளை நாடக்கூடும். குறைந்த எடையில் உலோகத்தின் பங்கு சிறிதாகி, வேலைப்பாட்டின் பங்கு பெரிதாகும். குறைந்த எடையில் நிறைந்த வேலை என்பது கையால் இயலாததன்று. வெள்ளிக் கம்பி வேலையும் கெம்பு நகையும் அதற்குச் சான்று. அச்சந்தையில் பொற்கொல்லர் இடம்பெறுவதற்கு, இரக்கத்தைக் காட்டிலும் சான்றே உறுதியான துணையாகும். 1963-இல் அரசின் விதியொன்று வாங்குவோரின் நம்பிக்கையைக் குலைத்துப் பட்டறைகளை முடக்கியது. அந்நம்பிக்கையை வளர்க்கும் விதிகளும் ஏற்பாடுகளும் இன்று அரசின் கையில் உள்ளன. அவை சிறு பட்டறை வரை சென்று சேருமாறு செய்வதே களத்தில் பணியாற்றுவோரின் கடமை.